வீட்டில் வழிகாட்டி நூல்



தவணை தொடங்கும் நாட்களில் திருகோணமலை நகரத்துப் புத்தகக் கடைகளிலே தாய்மார் பலரைக் காணலாம். திருக்கடலூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருப்பார்கள். கையிலே ஒரு துண்டுக் காகிதம். அதிலே பாடங்களின் பெயர்கள். "தம்பி, அஞ்சாம் ஆண்டுக்கு நல்ல வழிகாட்டிப் புத்தகம் எது?" என்று கடைக்காரரைக் கேட்பார்கள். அவர் மூன்றை எடுத்து முன்னே வைப்பார். எதைத் தெரிவது என்று அறியாமல் மூன்றையும் வாங்கிச் செல்வோர் உண்டு. அன்று மீன் விற்ற காசு முழுவதும் அதிலே போய்விடுவதும் உண்டு. அந்தப் புத்தகங்கள் வீடு சென்றபின் எவ்வாறு பயன்படுகின்றன, எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அந்நூல்கள் தரம் 1 முதல் தரம் 11 வரையுள்ள பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கின்றன. வழிகாட்டி நூல்களோ விலைக்கு வாங்கப்படுவன. சில, பாடத்தைச் சுருக்கித் தருகின்றன. சில, வினாவும் விடையுமாய் அமைந்துள்ளன. வேறு சில, மாதிரி வினாத்தாள்களின் தொகுப்பு. ஆசிரியருள் ஒரு சாரார் இவற்றைக் கண்ணெடுத்தும் பார்க்க விரும்பார். பெற்றோருள் ஒரு சாரார், இவை வீட்டில் இருந்தாலே பிள்ளை தேறிவிடும் என்று நம்புவர். நெடுங்காலம் நானும் முதலிற் சொன்ன சாராரையே சேர்ந்திருந்தேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. கைத்தொலைபேசி வசதியற்ற வீடுகளிலே, நைந்துபோன ஒரு வழிகாட்டி நூலே ஆசிரியராய் நின்றதைக் கண்டேன். அதன் பின்னர் என் கருத்து மாறியது.

சிந்தித்துப் பார்த்தால், வழிகாட்டி நூல் நமக்குப் புதியதும் அன்று. மூலத்தை உரையின் துணைகொண்டு கற்பது நம் முன்னோர் கண்ட முறை. 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களை எழுதியதோடு அமையவில்லை. நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதினார்; சைவ வினாவிடை எழுதினார். அவையும் வழிகாட்டி நூல்களே. ஆதலால், இத்தகைய நூல்களை வீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டுவதில்லை. அவற்றைப் பிள்ளை எப்பொழுது திறக்கின்றது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

இதனை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன், தரம் 10 மாணவருக்குக் "கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தேன். முதலில் என் கைக்கு வந்த கட்டுரை மிக அழகாயிருந்தது. செந்நிறக் கதிரவன் அலைகளைப் பொன்னாக்கிக் கடலிலே மூழ்கினான். மகிழ்ந்து, இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி இட்டேன். ஏழாவது தாளிலும் அதே கதிரவன், அதே சொற்களில், அதே கடலிலே மூழ்கினான். அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. நம்முடைய கடல் கிழக்குக் கடல். திருக்கடலூர்க் கரையில் நிற்பவனுக்குக் கதிரவன் கடலிலிருந்து எழுவான். மாலையிலே ஊருக்குப் பின்னால் தரைப்பக்கம் மறைவான். வழிகாட்டி நூலை எழுதியவர் மேற்குக் கரையை மனத்திற் கொண்டு எழுதியிருக்கிறார். அதிலே அவர் பிழை ஒன்றுமில்லை.

முதற் கட்டுரையை எழுதிய பிள்ளை மீனவர் வீட்டுப் பிள்ளை. அவளை அழைத்து, "உங்கள் வீட்டு வாசலிலே மாலையில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். "அப்பா வலையைத் தோணியில் ஏற்றுவார், சேர். அம்மா சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பா. காற்று மாறினால் அம்மா இரவு முழுக்க நித்திரை கொள்ளமாட்டா," என்றாள். "இதை ஏன் எழுதவில்லை, பிள்ளை?" என்றேன். "புத்தகத்தில் அப்படி இல்லையே, சேர்," என்றாள்.

நேயர்களே, அந்த மறுமொழி இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. தான் கண்டது எழுதத் தகாதது, பிறர் அச்சிட்டதே எழுதத் தக்கது என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால், அந்த இழப்பை எந்தப் புள்ளி ஈடுசெய்யும்? கதிரவன் எத்திசையில் மறைகிறான் என்று பாராது பதினெட்டுப் புள்ளி இட்ட எனக்கும் அப்பிழையிலே பங்குண்டு.

இனி, செய்ய வேண்டுவது யாது? நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக மனங்கொண்டாலும் கல்வியிற் காற்பங்கே கைவரும். உடன் கற்போரோடு பழகுவதனால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வரும். இந்த அரைப்பங்கை வீட்டிலே தேடிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

"எனக்குப் படிப்பில்லை, சேர். நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்கும் தாய்மாருக்கு நான் கூறுவது இதுதான்: அம்மா, நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

முதலிற் பிள்ளை பாடநூலின் அலகைப் படிக்கட்டும். வழிகாட்டி நூலைத் தாய் தன் மடியில் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை வினாக்களுக்குத் தானாகவே விடை எழுதட்டும். பின்னர், படித்ததைத் தாய்க்கு விளக்கட்டும். பின்னம் படிக்கும் பிள்ளை, "நான்கில் ஒன்றும் எட்டில் இரண்டும் சமம்," என்று சொன்னால், மீனைப் பங்கிட்டுப் பழகிய தாய், "அதெப்படிச் சமமாகும்?" என்று கேட்கலாம். பிள்ளை ஒரு வட்டம் கீறிக் காட்டினால் நன்று. தடுமாறினால், அந்த இடத்திலேதான் வழிகாட்டி நூலைத் திறக்க வேண்டும். அங்குள்ள விளக்கத்தைப் படித்தபின் நூலை மூடிவிட்டு, மறுநாள் அதே கணக்கை மீண்டும் செய்ய வேண்டும். விடையைப் பார்த்து எழுதிய கொப்பி அழகாயிருக்கும். ஆயின் பரீட்சை மண்டபத்திலே அது துணைக்கு வராது.

நூலைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு வழிகாட்டி போதும். பாடத்திட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், கடையிலே நிற்கும்போதே அதன் அலகுகளைப் பாடநூலின் அலகுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வினாத்தாள்களைப் பாடம் முடிந்தபின் மீட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளிலே, பரீட்சார்த்திகள் எவ்விடங்களில் தவறினர் என்பது கூறப்பட்டிருக்கும். 1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளை அதன் இணையத்தளத்திலே விலையின்றிப் படிக்கலாம். இவற்றைக் குறித்துப் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அயல்வீட்டார் இருவர் சேர்ந்து ஒரு நூலை வாங்கிப் பகிர்ந்தால், செலவும் குறையும். பவணந்தியார் சொன்ன உடன் கற்போரும் கிடைப்பர்.

நமது துறைமுகத்துக்குள் பெருங்கப்பல் வரும்போது, வழிகாட்டி ஒருவர் சிறு படகிலே சென்று அதில் ஏறிக்கொள்வார். எங்கே ஆழம், எங்கே பாறை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கப்பல் துறை சேர்ந்ததும் அவர் இறங்கிவிடுவார். அவர் இருக்கும் வேளையிலும் கப்பலின் பொறுப்பு மீகாமனை விட்டு நீங்குவதில்லை. வழிகாட்டி நூலுக்கும் நம் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு அவ்வாறு அமைதல் வேண்டும்.

இன்றிரவு வானொலியை நிறுத்தியபின் பிள்ளையை அருகே அழையுங்கள். புத்தகத்தை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல்லு பார்ப்போம்," என்று கேளுங்கள்.