குப்பியிற் சாகும் கிருமி



அண்மையில் என் மாணாக்கன் ஒருவன் வாய்கொப்பளிக்கும் மருந்தொன்றின் விளம்பரத்தைக் கொணர்ந்து காட்டினான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமிகள் அழியும் என்றிருந்தது. அவ்வாறாயின் பல் துலக்குவது எதற்கு என்று வினவினான். வினா நியாயமானதே. விடையோ ஏறக்குறைய முந்நூற்று நாற்பது ஆண்டுப் பழைமை வாய்ந்தது.

நம் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நகரொன்றின் பெயரை இட்டு டெல்வ்ற் என அழைத்தனர். அந்த டெல்வ்ற் நகரிலே வாழ்ந்த துணி வணிகர் லீவன்கூக். 1683ஆம் ஆண்டிலே, தம் பல்லிடுக்கிற் படிந்த வெண்ணிற அழுக்கைத் தாமே செய்த உருப்பெருக்கியால் நோக்கினார். எண்ணிறந்த நுண்ணுயிர்கள் நீந்தக் கண்டார். பின்னர் கடும் வினாகிரியால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். பல்லிடுக்கில் உயிர்கள் அப்படியே இருந்தன! அதே அழுக்கை வெளியே எடுத்து வினாகிரியிற் கரைத்தபோது அவை உடனே மாண்டன. வினாகிரி அழுக்கின் மேற்புறத்தைத் தீண்டியதேயன்றி உள்ளே புகவில்லை என்று அவர் முடிவுகட்டினார்.

இன்றைய ஆய்வுகூடங்களும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. குப்பியில் மிதக்கும் கிருமியைக் கொல்வது எளிது. பல்லிலே கிருமிகள் பசைபோன்ற படலம் அமைத்து அதனுள் உறைகின்றன. ஆதலால் பல்லின் கனிப்பொருளாலான வில்லைகளை உமிழ்நீரில் தோய்த்து, அவற்றின்மீது படலத்தை வளர்த்து மருந்தைச் சோதிக்கின்றனர். அதில் வென்றாலும் போதாது. வாயிலே உமிழ்நீர் மருந்தை விரைவிற் கழுவிவிடும். எனவே இறுதிச் சோதனை மனிதர் வாயிலேதான்.

1970இல் டென்மார்க்கில் லோவும் சியோட்டும் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் புகழ்பெற்றது. பல் துலக்குவதை நிறுத்திய மாணவர்கள், நூற்றுக்கு 0.2 பங்கு குளோரெக்சிடீன் கலந்த நீரால் நாளுக்கு இருமுறை கொப்பளித்தனர். படலம் உண்டாகவில்லை. இம்மருந்து பல்லிலும் வாயின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நின்று செயலாற்றுவதே காரணம். ஆனால் நெடுநாள் வழங்கினாற் பல்லிற் கபிலக் கறை படியும். நாவின் சுவையும் மாறும். ஆகவே அது வைத்தியர் குறிக்கும் காலத்துக்கே உரியது. மேலும், அது படலம் உண்டாவதைத் தடுப்பதில் வல்லதேயன்றி, முன்னரே தடித்த படலத்தை அகற்றுவதில் அத்துணை வல்லதன்று.

முரசு வீங்கிக் குருதி கசிவதற்கும், நாளடைவிற் பல் ஆடி விழுவதற்கும் வித்திடுவது அப்படலமே. அதை அகற்றத் தூரிகை வேண்டும்.

என் மாணாக்கனுக்கு நான் கூறியது இதுவே: கிருமி செத்தது என்று எவரேனும் சொன்னால், குப்பியிலா, வாயிலா என்று கேள். விளம்பரம் எதனையும் நம்புமுன் கேட்கத்தக்க வினா அது.