வானம் யார் கையில் இருத்தல் வேண்டும்?



அரசாங்கத்தின் அதிகாரம் எவ்வளவுக்கு விரிய வேண்டும், எவ்வளவுக்குச் சுருங்க வேண்டும் என்பது எந்நாட்டிலும் பேசப்படும் கேள்வி. மேடையில் நின்று இதற்கு விடை கூறுதல் எளிது. ஆனால், தமது சொந்தப் பொருளொன்று அவ்விடையினால் பாதிக்கப்படும் வேளையிலேதான் ஒரு கூட்டத்தாரின் கொள்கை உண்மையாகப் பரீட்சிக்கப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சொந்த விமானம் வைத்திருப்போருக்கு நேர்ந்த அத்தகைய பரீட்சை ஒன்றை இன்று நாம் ஆராய எண்ணுகிறோம்.

சொந்த விமானம் என்றதும் கோடீசுவரர்களே நம் நினைவுக்கு வருவர். அந்நாட்டின் நிலை வேறு. 1955 இல் முதன்முதல் பறந்த செஸ்னா 172 என்னும் நான்கு ஆசனச் சிறு விமானம் இதுவரை 44,000 க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. வைத்தியரும், வழக்கறிஞரும், வியாபாரியும், கமக்காரரும் அதனை வாங்கினர். விமானம் ஓட்டும் கமக்காரர்கள் 1944 இல் ஒக்லஹோமா மாநிலத்திலே தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். பழைய விமானம் ஒன்றை இருவர் மூவர் பங்காக வாங்குவதும் அங்கு வழக்கம். வாங்குவதோடு செலவு முடிவதில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் கொட்டகை வாடகையும் காப்புறுதிப் பணமும் கட்டியாக வேண்டும். பறப்பதாயின், ஆண்டுக்கொருமுறை சட்டம் விதித்த பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும்.

இவர்களுள் எல்லாரும் அல்லரெனினும் பலர், பழைமை பேணும் கொள்கையினர். குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்பவர். 1964 இல் அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற பரி கோல்ட்வாட்டர் தாமே ஒரு விமானி. இச்சாய்வு வியப்புக்குரியதன்று. பறக்கும் விமானத்தின் முடிவான பொறுப்பு அதன் விமானியையே சாரும் என்பது சட்டம். தன் உயிரைத் தன் கையில் ஏந்திப் பழகியவன், அலுவலகத்தில் இருப்பவரின் கட்டளைகளை எளிதில் விரும்புவானா?

அவர்களுடைய குறைகளும் வெறுங்கற்பனை அல்ல. அந்நாட்டுத் தொழிற்சாலைகள் 1978 இல் 17,811 சிறு விமானங்களை விற்றன. 1994 இல் விற்றவையோ 928 மாத்திரமே. விபத்து வழக்குகளால் ஏறிய காப்புறுதிச் செலவு அவ்வீழ்ச்சிக்கு ஒரு பெருங்காரணம். செஸ்னா கம்பனி 1986 இல் சிறு விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் கடந்த சிறு விமானத்துக்காக அதனைச் செய்தவர்மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டம் 1994 இல் நிறைவேறிய பின்னரே அது மீண்டும் அத்தொழிலைத் தொடங்கியது. அச்சட்டத்தில் ஒப்பமிட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்ரன். ஆனால், 1990 இல் விலையுயர்ந்த விமானங்கள்மீது ஆடம்பர வரி விதிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டவரோ குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். கட்சியின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நன்மை தீமையை அளத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, அந்தப் பரீட்சைக்கு வருவோம்.

2017 ஆம் ஆண்டு ஜனாதிபதி ட்ரம்ப், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை அரசாங்கத்தின் கையிலிருந்து எடுத்து, இலாபம் கருதாத ஒரு தனிக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். அவருடைய கட்சியைச் சேர்ந்த பில் சூஸ்ரர் அதற்கான மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் கொணர்ந்தார். கனடா 1996 இலேயே இவ்வாறு செய்திருந்தது. அரசாங்கத்தைச் சுருக்குக என்போருக்கு இஃது இனிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. கட்டுப்பாட்டு அலுவலர்களின் தொழிற்சங்கம் மசோதாவை ஆதரித்தது. தனியார் விமானிகளின் சங்கமோ அதனை முழுமூச்சாக எதிர்த்தது.

அவ்விமானிகளிடையே வாதம் மூண்டது. "எல்லாத் துறையிலும் தனியார் கையே நன்று என்று சொல்லிவிட்டு, நம்முடைய துறையில் மட்டும் அரசாங்கத்தைக் கட்டிப்பிடிப்பது நேர்மையா?" என்பது ஒரு சாராரின் கேள்வி. "புதிய நிருவாக சபையில் பெரிய விமானக் கம்பனிகளின் குரலே ஓங்கும், ஏறத்தாழ 5,000 பொது விமானத் தளங்களுள் அக்கம்பனிகளுக்கு வேண்டியவை 500 அளவிலேயே உள்ளன, எஞ்சிய கிராமத் தளங்களின் கதி என்ன?" என்பது மறுசாராரின் கேள்வி.

சிறு விமானங்களிடம் கட்டணம் அறவிடுவதில்லை என்று மசோதாவிலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் இணங்கவில்லை. இன்று எழுதியதை நாளை அழிக்கலாம். அழிக்கும் வேளையில் கேள்வி கேட்கத் தமக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்பதே அவர்களின் கருத்து. ஆகவே, கட்டணத்தினும் கலனுக்கு 19.3 சதம் என்னும் பெற்றோல் வரியே மேல் என்றனர். வரியை வெறுப்போர் வரியை விரும்பி ஏற்ற விந்தை இது! கன்சாஸ் மாநிலத்தின் குடியரசுக் கட்சிச் செனற்றர் ஜெரி மொரான் போன்றோரும் தங்கள் ஜனாதிபதிக்கு மாறாக நின்றனர். மசோதா சபையின் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2018 பெப்ரவரியில் சூஸ்ரர் அதனைக் கைவிட்டார்.

இவர்களை வெறும் சுயநலக்காரர் என்று தள்ளிவிடலாமா? ஒரு குறையை நாம் மறைக்கவில்லை. வான்வழிச் செலவுகளுக்கென 1970 இல் அமைந்த நிதியத்துக்குப் பெரும்பங்கு பணம் கொடுப்போர் பயணச்சீட்டு வாங்கும் சாதாரண மக்களே. அந்தப் பொதுப் பணத்தில் நிழல் பெற்றுக்கொண்டு, பிறருக்குக் கிடைக்கும் பொது உதவியை மட்டும் இகழ்வோர் தம் கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தல் கடன்.

எனினும் அவர்கள் கண்டுகொண்ட உண்மை பெரிது. பொதுச் சொத்து ஒன்று கைமாறும்போது, "அரசாங்கமா, தனியாரா?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "தீர்மானிக்கும் ஆசனத்தில் யார் அமரப் போகிறார்? அவரைக் கேள்வி கேட்க எளியவனுக்கு வழி உண்டா?" என்பவற்றையும் கேட்டாக வேண்டும். வாய்க்கால் நீரைப் பங்கிடும் உரிமையைக் கூடிய வயல் உடையவரிடமே கொடுத்துவிட்டால் கடைமடைக்காரன் கதி என்னவாகும் என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

கொள்கைப் பற்று நன்று. அக்கொள்கை நம் வாசலுக்கு வரும் நாளில், அதன் பெயரைக் கண்டு மயங்காது பயனை ஆராய்ந்து முடிவு செய்தல் அதனினும் நன்று. அவ்வாறு ஆராய்ந்தவன், தனக்குக் கேட்ட உரிமையை அயலவனுக்கும் கேட்கக் கடமைப்பட்டவன். கொள்கைக்குப் பெருமை அதனாலேயே உண்டாகும் என்று கூறி அமைகிறோம்.