கூச்சம் தொடங்குமுன் கணக்கு



அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 அன்று 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு தேடி வரும் எதிர்பாராத பில்லைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். ஆனால் சிறிய அறையில் இரண்டு நாற்காலி போட்டு மனநல ஆலோசனை தருபவரையும் அது கட்டுப்படுத்துகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

காப்பீடு இல்லாதவரோ, இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் கைப்பணம் கொடுப்பவரோ முன்பதிவு செய்தால், செலவு மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். வெறுமனே விசாரித்தாலும் மூன்று வேலை நாளுக்குள் தர வேண்டும்.

அந்தத் தாளில் 90837 என்றொரு எண் இருக்கும். 60 நிமிட அமர்வுக்கான குறியீடு அது. 53 நிமிடம் பேசினாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். நோய்க்கும் ஒரு குறியீடு உண்டு. ஆளையே பார்க்காமல் நோயை எப்படி எழுதுவது என்று ஆலோசகர்கள் முகம் சுளித்தார்கள். நியாயமான கேள்விதான். முதல் சந்திப்புக்கு மட்டும் ஒரு மதிப்பீடு, அதன்பின் இன்னொன்று என்று பலர் வழி கண்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை அமர்வு என்பது. மனத்துயர் எத்தனை வாரத்தில் தீரும் என்று எவரால் சொல்ல முடியும்? வாரம் ஒருமுறை, அமர்வுக்கு 150 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 7,800 டாலர். தொகையைப் பார்த்த மாத்திரத்தில் வராமலே போய்விடுவார்களே என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் ஒரே மதிப்பீடு 12 மாதம் வரை போகலாம் என்றுதான் விதி சொல்கிறது. 12 மாதத்துக்கும் போட்டே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 12 அமர்வு, 1,800 டாலர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து இருவருமாகப் பேசி மறுபடி எழுதலாமே!

நெஞ்சிலுள்ளதையெல்லாம் ஒருவரிடம் கொட்டிய பிறகு, "உங்கள் ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்க யாருக்கும் நா எழாது. அந்தக் கூச்சம் தொடங்குமுன்பே பணப் பேச்சை முடிக்க வைக்கிறதே, அதற்காகவே இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். குறை இல்லாமல் இல்லை. காப்பீட்டைப் பயன்படுத்துவோருக்கும் செலவை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். அதை அமல்படுத்தாமல் தள்ளிப்போட்டார்கள்.

உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால் இதை மட்டும் சொல்லிவையுங்கள். மதிப்பீட்டுத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாக வந்தால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் 25 டாலர் கட்டி அரசிடம் முறையிடலாம்.