சட்டம் பயிலப் போவதா?
(நானுஓயாவில் மாணவர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்தரப் பரீட்சை எழுதியுள்ள பிள்ளைகள் சிலர் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றார்கள். அனுப்பலாமா, வேண்டாமா என்று பெற்றோர் தயங்குகின்றார்கள். அதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். "போங்கள், போங்கள்" என்று கைதட்டி அனுப்பிவைப்பது மேடைப் பேச்சாளனுக்கு எளிது. செலவைத் தாங்கப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே இரு பக்கத்தையும் சொல்வதே முறை.

மலையக மக்களின் வாழ்வைச் சட்டம் ஆண்டதுபோல் இந்நாட்டில் வேறெவர் வாழ்வையும் ஆண்டதில்லை எனலாம். நம் முன்னோர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் கடன் தொகை எழுதிய "துண்டு" வேண்டும். அத்துண்டுக் காகிதமே அவர்கள் காலுக்கு விலங்காயிற்று. 1921 இல் தான் அது ஒழிந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, முந்திய ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த மக்கள் நாடற்றவராயினர். கோடகன்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார். விசாரித்த அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். 1951 இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றிற்று. 1953 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அந்த மாற்றத்தையே உறுதிசெய்தது. அவ்வழக்கில் நாம் தோற்றோம். எனினும் ஒரு சாதாரண மனிதனின் பெயர் பேரரசின் கடைசி நீதிமன்றம் வரை ஏறிச் சென்றதே, அது சிறிய காரியமா?

வென்ற வழக்கும் உண்டு. 1937 இல் தொழிலாளர் பக்கம் பேசிய பிறேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடுகடத்துமாறு தேசாதிபதி கட்டளையிட்டார். தோட்டத்தில் துரைப் பயிற்சிக்காக வந்தவர் அவர்! எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். கட்டளை சட்டவிரோதமென்று உயர் நீதிமன்றம் தீர்த்து அவரை விடுவித்தது. தேசாதிபதியின் ஆணை நீதிமன்றத்தின் முன் செல்லாமற் போயிற்று.

பழங்கதை எதற்கு என்பீர்கள். 2024 ஏப்ரல் இறுதியில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அவ்வாண்டிலேயே பின்னர் 1,350 ரூபா என முடிந்தது. கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரின் கூலி கொழும்பு புதுக்கடையில் வாதிக்கப்பட்டது. அங்கே எழுந்து பேச நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே என் கேள்வி.

அந்தப் புதுக்கடையில்தான் 1874 இல் தோன்றிய சட்டக் கல்லூரியும் இருக்கிறது. முன்னாளில் அப்புக்காத்து வேறு, புறக்கிறாசி வேறு. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரண்டும் ஒன்றாகி, இன்று எல்லோரும் சட்டத்தரணிகளே. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியும், சாதாரண தரத்தில் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தியும் வேண்டும். பின்னர் நுழைவுப் பரீட்சை. அதிலே மொழித்திறனுக்கு ஒரு வினாத்தாள். பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் மற்றொன்று. சட்டத்தில் கேள்வி வராது. ஆகையால் சட்டப் புத்தகத்தை வாங்கி மனனஞ் செய்வது வீண். நாடோறும் பத்திரிகை படியுங்கள். படித்ததை நூறு சொற்களில் சுருக்கி எழுதுங்கள். பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். விடை தெரிந்தும் நேரம் போதாமல் தோற்கிற பிள்ளைகளே மிகுதி.

பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் இன்னொரு வழி. ஆனால் பட்டதாரியும் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை என்ற படியைக் கடந்தே சட்டத்தரணியாக வேண்டும்.

மொழியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் விதியொன்று 2020 முடிவில் வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைத் தள்ளிற்று. நல்லதே. ஆனால் தமிழில் எழுதலாம் என்று மகிழ்ந்து ஆங்கிலத்தைக் கைவிடுகிறவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறான். மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களின் வழக்கேடு சிங்களத்தில். தமிழ் வழக்காளிக்கு மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தருகிறது. ஆயினும் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ வாதாடும் தமிழ்ச் சட்டத்தரணி சிங்களம் அறியாமல் ஒருநாளும் தலைநிமிர முடியாது. மூன்று மொழியா என்று மலைக்கவேண்டாம். நானுஓயாச் சந்தியில் மரக்கறி விற்கும் நம் பிள்ளைகள் இரண்டு மொழியில் பேரம் பேசுகின்றார்களே! அந்த வாய்ச் சிங்களத்தை எழுத்தாக்கினால் பாதி வழி கடந்தாயிற்று.

இனிச் செலவு. கல்லூரியில் மூன்று ஆண்டு. பின்னர் அனுபவமிக்க சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி. தொலைவில் கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும். அதன்பின்னும் கறுப்பு அங்கி அணிந்த அன்றே கட்சிக்காரர் வரிசையில் நிற்கமாட்டார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மூத்தவரின் கோவையைச் சுமப்பதே தொழிலாயிருக்கும். விதைக்கிழங்கு நட்ட மாதமே கிழங்கு தோண்ட முடியுமா? ஆனால் கிழங்குக்குக் காத்திருக்கும் காலம் சில மாதம். இதற்கு ஆறேழு ஆண்டு. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம், கீழே இன்னும் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடு, இதைக் கணக்கிட்டே துணியவேண்டும். ஆசிரியர் நியமனம் கிடைத்தால் முதலில் அதை ஏற்றுக்கொண்டு பிறகு சட்டம் பயில்வதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காகவோ மேடையேற வழி வேண்டும் என்பதற்காகவோ போகிறவர் போகாதிருப்பதே நன்று. தொழிலாளருக்குத் துணைநிற்பது மட்டுமே நோக்கமானால் வேறு கதவும் உண்டு: தொழில் நியாய சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதியே தோன்றிப் பேசலாம், அதற்குச் சட்டத்தரணியாக வேண்டியதில்லை. காணி உறுதி அப்படியன்று. நொத்தாரிசாகும் உரிமை சட்டத்தரணிக்கே. தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசு ஒருவர் ஊரில் இருந்தால், கரட்டும் லீக்ஸும் பயிரிடும் நம் விவசாயி தான் கையெழுத்திடுவது இன்னதென்று தானே வாசித்தறிவான். லயத்து மண் வீட்டுக் காணியாகும் காலத்தில் இத்தேவை பெருகுமேயன்றிக் குறையாது. பெண் பிள்ளைகளை இதற்கு அனுப்ப அஞ்சாதீர்கள். பராமரிப்பு வழக்குக்கு வரும் பெண் தன் துயரை ஆணிடம் சொல்லக் கூசி, பாதியை விழுங்கிவிடுகிறாள்.

முடிவை அடுத்த கிழமை எடுக்கலாம். ஒரு வேலை இன்றே ஆகவேண்டும். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொன்று, பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது: தோட்டத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. பிறர் மொழியில் பிறர் எழுதிவைத்த பெயர்கள் இவை. விண்ணப்ப முடிவுத் தேதி வந்தபின் இதைத் திருத்த ஓடுவது பயன்படாது. தோட்டத்துக் காரியாலயம் வழியாக வரும் கடிதம் பிந்தும் என்பதால், பரீட்சை அனுமதி அட்டைக்குத் தபாலகத்தருகே உள்ள உறவினர் முகவரியைக் கொடுங்கள். பத்திரங்களைக் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்த மேசைக்கு வாருங்கள். இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே திருத்த வேண்டும் என்று குறித்துத் தருவார்கள்.