ஆயா சுருக்குப்பையில் காந்தி

போன எபிசோடில் சில்லறை பற்றிப் பேசினோம். இன்னிக்கு என் சொந்தக் கதை, கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

திண்டிவனத்துல ஆயா வீட்டு அரிசி டிரம்முக்கு அடியில ஒரு சுருக்குப்பை இருந்தது. உள்ளே மூணு காசு. மூணுமே காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் இந்திய அரசு வெளியிட்ட பத்து ரூபாய் வெள்ளி நாணயம். ஒரு பக்கம் காந்தி தலை, 1869–1948ன்னு வருஷம் போட்டிருக்கும். எடை 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி. 1972-ல் வந்த சுதந்திர வெள்ளி விழாக் காசு 22.5 கிராம், கையில் வெச்சா கனமா இருக்கும். ஆனா பாதிதான் வெள்ளி. பெருசா இருக்கேன்னு ஏமாறாதீங்க.

ரெண்டு காசை அக்காவோட முதல் கொலுசுக்காக மாமா கடையில போட்டுட்டார். உரைகல்லுல உரசி, எடைக்குத்தான் கொடுத்தாங்க.

மூணாவது எனக்கு வந்தது. கன்னங்கரேல்னு இருந்தது. புளியும் விபூதியும் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு! பெருமையா விழுப்புரத்துல பழைய காசு சேர்க்கிற ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். லென்ஸ் வெச்சுப் பாத்தவர், "தேய்ச்சிட்டியா தம்பி?"ன்னார்.

அந்தக் கறுப்பு அழுக்கே இல்லையாம். காற்றுல இருக்கிற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து உண்டாகிற படலம். தேய்க்கும்போது அதோட மேல்பரப்பும் போய், மெல்லிய கீறல் விழும். அதைச் சரிபண்ண வழியில்ல. "இனிமே இது வெள்ளி விலைக்குத்தான்."

பிறகு அவரோட காசு ஒன்னைக் காட்டினார். 1893-ஆம் வருஷத்து அமெரிக்க அரை டாலர், கொலம்பஸ் முகம். அமெரிக்காவோட முதல் நினைவு நாணயம் இந்த வகைதான். சிகாகோ உலகக் கண்காட்சியில ஒரு டாலருக்கு வித்தாங்க. சுமார் 50 லட்சம் அடிச்சு, விக்காம நின்னதுல 25 லட்சம் போல உருக்கிட்டாங்க. மிச்சம் சாதாரணச் சில்லறையா புழக்கத்துக்குப் போச்சு. அவர் காசுலயும் கொலம்பஸ் மூக்கு மழுங்கிக் கிடந்தது. "இது தேய்ஞ்சது, உன்னுது தேய்ச்சது. ரெண்டும் வேற" என்றார்.

விக்காம திரும்பினேன். ஆயாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்போ அந்த ரெண்டு காசுக்கு நம்மள எவ்ளோ ஏமாத்தினான்?"

நான் வாயே திறக்கல. மாமா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார்.