நாங்கள் கேளாத கேள்விகள்



மாணவிகளாய் இருந்தபோது, இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வோம். வைத்தியர்களான பிறகும் அந்தக் குனிவு எங்களை விடவில்லை. மனநோய்க்கு மருந்தெடுக்க வருபவர்களிடம் நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டோம். மாதவிலக்கு, தாம்பத்தியம், பிள்ளை விருப்பம் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு நாள் ஓர் இளம் மனைவி மூன்று மாதக் கர்ப்பிணியாக வந்தார். அதுவரை வல்புரோவேற் குளிசை எடுத்திருந்தார். கர்ப்பத்தில் எடுத்தால் ஏறக்குறையப் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கும் மருந்து அது. முதுகுத்தண்டு உருவாகும் காலமும் கடந்துவிட்டிருந்தது. "ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே, டொக்டர்" என்றார். அந்த 'ஒருத்தரும்' நாங்கள்தாம். குழந்தை சுகமாகப் பிறந்தது. அது எங்கள் கெட்டித்தனமல்ல.

சொல்லியிருக்க வேண்டியவை சிக்கலானவையும் அல்ல. ரிஸ்பெரிடோன் எடுக்கும்போது மாதவிலக்கு நிற்கலாம். அதனால் கரு தங்காது என்று நம்பக்கூடாது. காபமசெபீன் கருத்தடைக் குளிசையின் வலுவைக் குறைக்கும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் தாம்பத்திய நாட்டத்தைக் குறைக்கும். வெட்கத்தில் அதைச் சொல்லாமல் மருந்தையே விட்டுவிடுகிறார்கள், நோய் திரும்புகிறது. சொன்னால் மருந்தை மாற்றலாம், அளவைத் திருத்தலாம். விருப்பமில்லாத தொடுகையை மறுக்கவும், நடந்ததைச் சொன்னால் நம்பப்படவும் அவர்களுக்கும் உரிமை உண்டு.

"கலியாணம் கட்டிவைச்சால் சுகம் வரும்" என்பவர்களும், "விசருக்கு ஏன் கலியாணம்" என்பவர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். இரு பகுதியாரும் உரியவரைக் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. குடும்பம் அமைக்கும் உரிமையும் இனப்பெருக்கச் சுகாதார சேவையும் அதில் உள்ளன.

நல்லூர்த் தேரடியில் விசரர் எனப்பட்ட செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கொண்ட யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊர் எங்கள் கொழும்புத்துறை. அந்த ஒரு சொல்லால் ஒருவரை அளந்துவிட முடியாது என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களில் ஆசிரியர்கள், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்கள், தாய்மார் இருக்கிறீர்கள். ஊரில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், உங்கள் வீட்டில் மருந்தெடுக்கும் ஒருவரிடம் இவற்றைக் கூச்சமின்றிப் பேசுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போய், நாங்கள் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் மனநல ஆலோசனை பெறலாம்.

இந்தப் பாடசாலை எங்களைத் தலைநிமிரச் சொன்னது. இந்த விடயத்திலும் நிமிர்வோம்.