கணக்குக் கேட்டால் பகையா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மேல் லோகத்தைப் பற்றியதல்ல. தகப்பன் விட்டுப்போன சொத்தை நிர்வகிக்கிறவருக்கும் அதில் பங்குடையவர்களுக்கும் உண்டாகும் தகராறைப் பற்றியதேயாகும்.

வழக்கமாய் நடப்பதென்ன? தகப்பனார் இறந்ததும் மூத்த மகன் பத்திரப் பெட்டியின் சாவியை எடுத்துக்கொள்ளுகிறார். குத்தகை நெல்லும் கடை வாடகையும் அவர் கைக்கே போகின்றன. இரண்டு வருஷம் கழித்துத் தங்கை, “வரும்படி எவ்வளவு, செலவு எவ்வளவு அண்ணா?” என்று கேட்டால், “கூடப் பிறந்தவனையே சந்தேகப்படுகிறாயா? சீர் செய்ததெல்லாம் மறந்துபோயிற்றா?” என்கிறார். ஆகவே கணக்குக் கேட்டது குற்றமாகவும், காட்டாதது கௌரவமாகவும் ஆகிவிடுகிறது. இதுதான் நியாயமா என்று கேட்கின்றோம்.

பெண்ணுக்கும் ஆணைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. பிறகு 1956ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருடைய சுயார்ஜிதத்தில் மனைவி, மகன், மகள், தாய் யாவருக்கும் சமபங்கு வந்தது. பிதுரார்ஜிதத்தில், மணமாகாத பெண்களுக்கு 1989ல் தமிழ்நாட்டிலும், மணமானவர் உள்பட எல்லாப் பெண்களுக்கும் 2005ல் இந்தியா முழுவதிலும் மகனைப் போன்ற உரிமை வந்தது. அதற்குத் தகப்பன் 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. எனவே சாவி வைத்திருப்பவர் முழுச் சொந்தக்காரரல்ல. மற்றவர் பங்குக்குக் காவல்காரரேயாவார்.

உயிலை நிறைவேற்றக் கோர்ட்டில் புரொபேட் பெற்றவர் 6 மாதத்தில் சொத்து ஜாபிதாவும், ஒரு வருஷத்தில் கணக்கும் கொடுக்கவேண்டுமென்று 1925ம் வருஷத்து வாரிசுச் சட்டம் சொல்லுகின்றது. கோர்ட்டுக்குப் போகாத குடும்பம் மாத்திரம் அந்த யோக்கியதையைக் கைக்கொள்ளக் கூடாதா?

நிர்வாகி செய்யவேண்டியது கஷ்டமான காரியமல்ல. நிலம், வீடு, நகை, பாங்கி ரொக்கம், கடன் யாவற்றையும் முதலில் ஜாபிதா எழுதட்டும். சொத்தின் வரவு செலவைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கட்டும். கடனைத் தீர்த்த பிறகே பங்கு பிரிக்கட்டும். ஒரே கணக்கை எல்லோருக்கும் ஒரே சமயத்தில், ரசீது நகலோடு அனுப்பட்டும். உழைப்புக்குக் கூலி வேண்டுமானால் முன்னதாகவே எல்லோர் சம்மதத்தோடும் எழுதிக்கொள்ளட்டும். சொத்தில் ஒன்றைத் தானே வாங்குவதானால் வெளியாள் மதிப்புப் போடட்டும்.

அடக்கச் செலவு நியாயமான அளவுக்குப் பொதுச் செலவுதான். ஆனால் வருஷா வருஷம் புரோகிதருக்குக் கொடுத்த திதி தக்ஷணையைத் தங்கை பங்கிலும் எழுதுவது என்ன நியாயம்? பிதுர்க்களிடம் அவ்வளவு பக்தியுள்ளவர் தன் பங்கிலிருந்தே செய்யட்டுமே!

எல்லாவற்றிலும் கொடுமை விடுதலைப் பத்திரம். கருமாதிப் பந்தல் பிரிக்குமுன்னே, அழுத கண்ணோடு இருக்கிற பெண்ணிடம் “ஒரு கையெழுத்துத்தானே, போடம்மா” என்கிறார்கள். சகோதரிகளே! படித்துப் பாராமல், உங்கள் பங்கின் மதிப்பை அறியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அறிந்த பிறகு விட்டுக்கொடுத்தால் அது உங்கள் இஷ்டம். அறியாமல் போட்டால் அது ஏமாற்றமேயாகும்.

பங்குதாரருக்கும் ஒன்று சொல்லுவோம். கணக்கைப் பார்க்குமுன் தெருவில் நின்று “திருடன்” என்று தூற்றாதீர்கள். எந்த இனம் தப்பு என்று எழுதிக் கேளுங்கள். தகராறில்லாத பங்கைக் கொடுத்துவிட்டு, தகராறுள்ளதை மாத்திரம் இரு தரப்பும் ஒப்பும் பொது மனிதரிடம் விடலாம். அதுவும் பலிக்காவிட்டால் கோர்ட்டு இருக்கவே இருக்கிறது. ஆனால் வியாஜ்யம் வளர்ந்தால் வயலின் விளைச்சல் வக்கீல் பீசுக்கே போய்விடும்.

தோழர்களே! பாசம் என்பது நோட்டுப் புத்தகத்தை மூடி வைப்பதல்ல. அதை நடு வீட்டில் திறந்து வைப்பதேயாகும். உங்களில் யாரிடம் அந்தச் சாவி இருக்கின்றதோ, அவர் இன்று வீடு போனதும் யாரும் கேட்குமுன்பே கணக்கை எழுதத் தொடங்குவாராக என்று கூறி முடித்துக்கொள்ளுகின்றோம்.